சண்டை முடிந்த மறுநாள்: வட ஆற்காட்டை வைத்து ஒரு வரலாற்றுப் பதில்

அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் காட்பாடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பழைய போர்களும் சமூக மாற்றங்களும் ஒரு நாட்டை உருவாக்குகின்றன என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் ஒரு வரி வருகிறது. எப்படி உருவாக்குகின்றன என்று எங்கும் இல்லை. 1806 வேலூர்ப் புரட்சியால் இன்றைக்கு என் வாழ்க்கையில் என்ன மாறியிருக்கிறது? தேதியை மனப்பாடம் செய்வதோடு சரியா?”

தேர்வுக்கு வேண்டிய பதில் நாலு வரியில் முடிந்துவிடும். தம்பி கேட்டது அதை இல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். வேலூரில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் உதாரணங்களையும் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். வாணியம்பாடியிலிருந்து சோளிங்கர் வரை, திருப்பத்தூரிலிருந்து வந்தவாசி வரை, இந்த மண்ணில் நடக்காத சண்டை இல்லை. 1749இல் ஆம்பூர், 1751இல் ஆற்காட்டு முற்றுகை, 1760இல் வந்தவாசி, 1781இல் சோளிங்கர் என்று தென்னிந்தியா யார் கைக்குப் போகும் என்பதை முடிவு செய்த களங்களில் பாதி நம் பக்கத்து ஊர்கள்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை நடந்த நாளை விட, சண்டை ஓய்ந்த பிறகு உட்கார்ந்து செய்த ஏற்பாடுதான் நாட்டை அமைக்கிறது. அந்த ஏற்பாட்டில் சிலருக்கு இடம் கிடைக்கும், சிலர் விட்டுப்போவார்கள். விட்டுப்போனவர்கள் சும்மா இருப்பதில்லை. ஊரை விட்டுக் கிளம்புவார்கள், பிள்ளைகளைப் படிக்க வைப்பார்கள், சங்கம் வைப்பார்கள், ஓட்டுப் போடுவார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள். பிற்பாடு அதற்குத்தான் சமூக மாற்றம் என்று பெயர் வைக்கிறோம்.

சரி, 1806க்கு வருவோம்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் கிழக்கிந்தியக் கும்பெனியார் வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். 1805 நவம்பரில் மெட்ராஸ் படைத் தளபதி ஜான் கிராடக் காலத்தில் சிப்பாய்களுக்குப் புதிய உடை விதி வந்தது. அணிவகுப்பில் நெற்றியில் விபூதியோ நாமமோ இருக்கக் கூடாது, தாடி கூடாது, மீசையைச் சொன்ன அளவில் வெட்ட வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தோல் வைத்த புது மாதிரித் தலைப்பாகை. ஒரே விதி இந்துவையும் முஸ்லிமையும் சேர்த்துப் புண்படுத்தியது. மறுத்துப் பேசியவர்களுக்குக் கசையடி கிடைத்தது.

1806 ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். மறுநாள் காலையில் கவாத்து என்பதால் சிப்பாய்கள் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே தங்கினார்கள். விடிவதற்கு முன்பே 69ஆம் ரெஜிமெண்டின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் துப்பாக்கி வெடித்தது. கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். 14 அதிகாரிகளும் நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களும் செத்தார்கள். திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரின் பெயரைச் சொல்லி மைசூரின் புலிக்கொடியைக் கொடிமரத்தில் ஏற்றினார்கள். வெளியே தப்பிய அதிகாரி ஒருவர் மூலம் ஆற்காட்டுக்குச் செய்தி போனது. அங்கிருந்த குதிரைப்படையுடன் அதன் தலைவர் கில்லஸ்பி 16 மைல் ஓடி வந்தார். கயிற்றைப் பிடித்து மதில் மேல் ஏறி, மேலே ஒட்டிக்கொண்டிருந்த சிலரோடு சேர்ந்து நின்றார். பின்னால் வந்த பீரங்கி கதவை உடைத்தது. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு பேர் அளவுக்குப் பிடித்து இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். புரட்சிக்காரர் தரப்பில் செத்தவர்கள் சுமார் 350 பேர் என்று சொல்லப்படுகிறது.

பாடப் புத்தகம் இந்த இடத்தில் நின்றுவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்து நடந்தவை.

உடை விதியை வாபஸ் வாங்கினார்கள். கிராடக்கையும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. புரட்சியில் இறங்கிய பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். (கல்கத்தா தர்மதலாவில் இருக்கும் திப்பு சுல்தான் பள்ளிவாசலை அந்தப் பிள்ளைகளில் கடைசி மகன்தான் கட்டினார். அந்தக் குடும்பத்துப் பெண்களின் கல்லறைகள் இன்னும் வேலூரில் இருக்கின்றன.) இங்கிலாந்தில் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. பாதிரியார்களை இந்தியாவுக்குள் விட்டதால்தான் இது நடந்தது என்று ஒரு கட்சி, இல்லை ராணுவ அதிகாரிகளின் முட்டாள்தனம் என்று எதிர்க்கட்சி, இரண்டும் மாறி மாறித் துண்டுப் பிரசுரம் போட்டன. வேலூர் என்ற பெயர் அந்நாளில் லண்டனில் அடிபட்ட அளவுக்கு வேறு எந்தத் தமிழ் ஊரின் பெயரும் அடிபட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

அவமானப்பட்டுப் போன பெண்டிங் 1828இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். 1829இல் உடன்கட்டை ஏறும் சதி வழக்கத்தைத் தடை செய்தவர் அவர்தான். தடைக்கு முன் அவர் என்ன செய்தார் தெரியுமா? ராணுவ அதிகாரிகளிடம், சிப்பாய்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று ரகசியமாக விசாரித்தார். வேலூரில் சூடு பட்ட மனிதர் அப்படித்தானே செய்வார். வங்காளத்தில் விதவைகள் எரிக்கப்படுவதை நிறுத்திய சட்டத்துக்குள்ளும் நம் கோட்டையின் நினைவு இருக்கிறது.

அப்புறம் 1857. அதற்குப் பிறகு 1858இல் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வந்தது. உங்கள் மத விஷயத்தில் தலையிட மாட்டோம் என்பது அதன் முக்கியமான வாக்குறுதி. வேலூரில் தொடங்கிய பயம் அரை நூற்றாண்டில் அரசாங்கக் கொள்கையாக எழுதப்பட்டுவிட்டது. கேட்பதற்கு நல்ல வாக்குறுதி, பலருக்கு அது பாதுகாப்பாகவும் இருந்தது. ஆனால் அந்த வாக்குறுதி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். கோயிலுக்குள் நுழையக் கூடாது, பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, இந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்பதெல்லாம் ‘வழக்கம்’, ‘மதம்’ என்ற கணக்கில் சேர்ந்துவிட்டன. தலையிட மாட்டோம் என்றால் இதிலும் தலையிட மாட்டோம் என்றுதான் அர்த்தம். அந்த வாக்குறுதியை எழுதும்போது குளத்துக்குள் இறங்க முடியாதவர்களை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. மெட்ராஸ் படையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நிறையப் பேர் இருந்தார்கள். 1857க்குப் பிறகு, குறிப்பாக 1880களிலிருந்து, ‘வீர இனங்கள்’ என்ற ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர் பக்கம் ஆள் சேர்ப்பைத் திருப்பினார்கள். தெற்கத்திய ரெஜிமெண்ட்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தலைமுறை தலைமுறையாகச் சம்பளமும் பென்ஷனும் படிப்பும் கொடுத்த ஒரு வாசல் மூடியது. இரண்டு உலகப் போர்களிலும் ஆள் தேவைப்பட்டபோதுதான் அது மறுபடி திறந்தது. இன்றைக்கு வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்றால் வீட்டுக்கு ஒரு ராணுவ வீரர் என்று பேர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் எத்தனை மிலிட்டரிக்காரர் வீடுகள் என்று தம்பியே எண்ணிப் பார்க்கலாம். ஜூலை 10 அன்று வேலூர் மக்கான் பக்கத்தில் இருக்கும் நினைவுத் தூணுக்கு மாலை போடும் அதே ஊர், ராணுவ ஆள் சேர்ப்பு முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறது. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. யாருடைய பட்டாளம் என்பது மாறிவிட்டது, அவ்வளவுதான்.

‘முதல் சுதந்திரப் போர்’ இதுதானா என்று கட்டாயம் கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. சுதந்திர இந்தியா என்ற எண்ணம் அந்தச் சிப்பாய்களுக்கு இருந்ததற்கு ஆதாரம் தேடினால் மைசூர்க் கொடிதான் கிடைக்கிறது. அவர்கள் மீட்க நினைத்தது ஒரு ராஜ்ஜியத்தை, தங்கள் மரியாதையை. அதற்காக உயிரைக் கொடுத்தார்கள் என்பதே அவர்களைக் கும்பிடப் போதுமான காரணம். பின்னால் வந்த பட்டத்தை அவர்கள் தலையில் கட்டத் தேவையில்லை.

ஆனால் நம் வாழ்க்கையில் உண்மையிலேயே ஆழமாக இறங்கிய மாற்றம் எது என்று கேட்டால், நான் 1806ஐச் சொல்ல மாட்டேன். 1792ஐச் சொல்வேன்.

அந்த வருடம் திப்பு தோற்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை எழுதிக்கொடுத்தார். அதில் பாரமகால் பகுதி (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் வட்டாரம்) கும்பெனிக்குப் போனது. அதை நிர்வாகம் செய்ய கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார்கள். அவர் தலைமையிடமாக வைத்துக்கொண்டது நம் திருப்பத்தூர். அவருக்குக் கீழே உதவியாளராக வந்த இளைஞர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. வங்காளத்தில் கும்பெனி அப்போது ஜமீன்தார்களிடம் நிரந்தரமாக வரி பேசிக்கொண்டிருந்தது. இங்கே ரீட்டும் மன்றோவும் வேறு வழி பிடித்தார்கள். நடுவில் யாரும் வேண்டாம், நிலத்தை அளந்து, உழுகிற குடியானவன் பெயரிலேயே தீர்வை, அதாவது நிலவரி போட்டு, அவனிடமே வசூலிப்போம் என்றார்கள். அதுதான் ரயத்துவாரி. 1820இல் மன்றோ சென்னை கவர்னராக வந்த பிறகு மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அதுவே முறையாக நிலைத்துவிட்டது.

தம்பி, வீட்டில் நிலம் இருந்தால் இ-சேவை மையத்தில் எடுத்த பட்டா நகலை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். புல எண், உட்பிரிவு, நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, அதற்கு எதிரே ரூபாய் பைசாக் கணக்கில் தீர்வை. தீர்வைத் தொகை இன்றைக்கு ஒரு டீச் செலவுக்குக் கூடக் காணாது. ஆனால் அந்தக் காகிதத்தின் கட்டம் ஒவ்வொன்றும் அந்தக் காலத்துச் சிந்தனைதான். அதில் பெயர் இருக்கிறவன் கடன் வாங்கலாம், விற்கலாம், கோர்ட்டில் நிற்கலாம், பேரனுக்கு எழுதி வைக்கலாம். தமிழ்நாட்டில் சின்னச் சின்ன நிலக்காரர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கும், வட இந்தியாவின் ஜமீன் பகுதிகளில் அரசியல் வேறு மாதிரி நடந்ததற்கும் இது ஒரு முக்கியமான காரணம். ஒரு போரின் தோல்விப் பத்திரத்திலிருந்து கிளம்பிய ஏற்பாடு இது.

யார் பெயர் அதில் ஏறவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். உழுகிறவன் பெயரில் பட்டா என்றார்கள். ஏரைப் பிடித்தவன் எல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை. பண்ணையாளாக, படியாளாக இருந்தவர்கள் ஏரைப் பிடித்தார்கள், நிலம் இன்னொருவர் பெயரில் ஏறியது. பட்டாவில் ஏறாத நிலம் புறம்போக்கு. ஊரில் பாதிப் பேர் குடியிருந்த இடமே அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இல்லாதவர்கள் அடுத்த நூறு வருடம் என்ன செய்தார்கள் என்பதுதான் நம் மாவட்டத்தின் உண்மையான சமூக வரலாறு.

அவர்கள் முதலில் செய்தது, கிளம்பிப் போனது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் வந்தது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல் புறப்பட்டது. நேட்டாலுக்குப் போன தமிழ், தெலுங்குக் கூலிகளில் மிகப் பெரிய பங்கு வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து போனது. அந்தக் கப்பல் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பட்டாவில் ஏறாத பெயர் கப்பல் பதிவேட்டில் ஏறியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்றைக்கும் சிலர் அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்காடு, போளூர், குடியாத்தம் பக்கம் பூர்வீகம் தேடி வருகிறார்கள். 1876-78 தாது வருடப் பஞ்சம் மிச்சமிருந்தவர்களையும் ஊரை விட்டுத் துரத்தியது.

1880களில் கோலார் தங்கவயலில் வெள்ளைக்காரக் கம்பெனி சுரங்கம் வெட்ட ஆரம்பித்ததும், நம் பக்கத்துச் சேரிகளிலிருந்து கும்பல் கும்பலாக அங்கே போனார்கள். வேலை பயங்கரமானது. பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு, தூசியில் நுரையீரல் போனவர்கள் உண்டு. ஆனால் கூலி கையில் பணமாக வந்தது, கும்பிட வேண்டிய ஆண்டை அங்கே இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலில் கிளைகள் இருந்தன. பள்ளிக்கூடம் நடந்தது, பத்திரிகை படித்தார்கள். பொங்கலுக்கும் சாவுக்கும் ஊர் திரும்பினவர்கள் அந்தப் பேச்சையும் கொண்டுவந்தார்கள். வட ஆற்காட்டில் அம்பேத்கர் இயக்கம் இவ்வளவு சீக்கிரம் வேர் பிடித்ததற்கு நான் முதல் காரணமாகத் தங்கவயலைத்தான் சொல்வேன். 2001இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. அது தந்த தைரியம் மூடப்படவில்லை. 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது நமக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தது சும்மா வந்த பெயரில்லை. பிறகு மாவட்டங்களிலிருந்து தலைவர் பெயர்களை எடுத்தார்கள், வேலூர் மாவட்டம் ஆனது.

போனவர்கள் கதை இது. இருந்தவர்கள் சட்டத்தைப் பிடித்தார்கள். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி காலத்திலிருந்து, சாதி மத வாரியாக இடம் பிரித்துக் கொடுக்கும் வகுப்புவாரி உரிமை ஆணை இருந்தது. அரசியல் சட்டம் வந்ததும் அது செல்லாது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே தெருவுக்குத் தெரு போராட்டம். அதே வருடத்தில் இந்திய அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற உட்பிரிவு 15வது பிரிவில் சேர்ந்தது. காட்பாடியில் இருக்கும் ஒரு மாணவனின் கல்லூரி இடம் தொடங்கி, பீகாரில் இருக்கும் ஒரு மாணவனின் கல்லூரி இடம் வரை அந்தத் திருத்தத்தின் மேல் நிற்கிறது.

இதில் குடியாத்தத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளியைப் பாதி நேரமாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடே எதிர்த்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. நின்ற இடம் குடியாத்தம் இடைத்தேர்தல். எதிரணியில் இருந்த திராவிட முன்னேற்றக் கழகமே அவருக்கு ஆதரவு கொடுத்தது, பெரியாரும் ஆதரித்தார். தறி ஓடும் ஊர் அது. நெசவாளி மகன் அரை நாள் தறியில் உட்கார வேண்டும் என்ற திட்டத்தை ரத்து செய்தவரை நெசவாளிகள் ஜெயிக்க வைத்தார்கள். இதே காமராஜர் 1941இல் வேலூர் மத்திய சிறையில் கைதியாக இருந்தபோதுதான் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே சிறையில் 1921-22இல் இருந்தவர் ராஜாஜி. இருவரும் ஒரே சிறையில் உட்கார்ந்து ஒரே எதிரியோடு போராடினவர்கள். அந்த எதிரி போன பிறகு, யார் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்பதில் பிரிந்தார்கள். வெளிச் சண்டை ஓய்ந்ததும் உள்ளே ஒத்திப்போட்டிருந்த கேள்வி மேலே வரும். எல்லா நாட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

பெண்கள் விஷயத்தைச் சுருக்கமாகத் தொடுகிறேன், அதற்குத் தனிப் பதில் வேண்டும். பிரசவத்துக்கு ஆண் டாக்டரை விடமாட்டோம் என்ற வழக்கத்தால் பெண்கள் செத்ததைப் பார்த்து டாக்டரானவர் ஐடா ஸ்கடர். 1900இல் வேலூரில் ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண் மாணவர்களை அங்கே சேர்த்தது 1947இல்தான். துப்பாக்கி வெடிக்காமல், யாருக்கும் தூண் எழுப்பாமல் நடந்த மாற்றம் இது. நம் ஊர்ப் பாட்டிமார் எத்தனை பேர் உயிரோடு இருந்து பேரன் பேத்தியைப் பார்த்தார்கள் என்பதில் அது இருக்கிறது.

எல்லா ஏற்பாடும் யாரையாவது விட்டுவிட்டுத்தான் நடக்கிறதா என்றால், இல்லை. நல்ல உதாரணமும் நம் பக்கத்திலேயே உண்டு. 1911இல் சித்தூர் தனி ஜில்லா ஆகும் வரைக்கும் வட ஆற்காட்டுக்கே தலைநகர் சித்தூர்தான். 1953இல் ஆந்திரா பிரிந்தபோது தமிழ் பேசும் ஊர்கள் அந்தப் பக்கமும், தெலுங்கு பேசும் ஊர்கள் இந்தப் பக்கமும் மாட்டின. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. எல்லையைத் தீர்க்கப் படாஸ்கர் குழு உட்கார்ந்தது, கிராமம் கிராமமாக மொழிக் கணக்குப் பார்த்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் பக்கம் வந்தது, வேறு சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. எல்லோருக்கும் திருப்தி இல்லை. சித்தூரை விட்டதில் வருத்தப்படும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மக்களின் பேச்சைக் கணக்கில் எடுத்துச் செய்த ஏற்பாடு என்பதால் அது நின்றது. இன்றைக்கு காட்பாடியிலிருந்து சித்தூருக்கு பஸ் ஏறினால் கண்டக்டர் பாதி வழியில் மொழியை மாற்றிக்கொள்கிறார், எல்லை தாண்டியது அப்படித்தான் தெரியும். உலகத்தில் எத்தனை எல்லைகளை இப்படிச் சொல்ல முடியும்?

பாலாற்றில் அப்படி நடக்கவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் எல்லாம் தோல் பதனிட்டே வளர்ந்த ஊர்கள். முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். 1970களில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது, முழுதாகச் செய்து அனுப்பச் சொன்னது. பட்டைக்குப் பதில் குரோமியம் என்ற ரசாயனம் பெரிய அளவில் வந்தது. அந்நியச் செலாவணி வந்தது, ஷூ கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை வந்தது, கிணறும் ஆறும் போயின. கொள்கை வகுத்தவர்கள் கிணற்றுக்காரனைக் கேட்கவில்லை. 1991இல் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில் இரண்டு கோட்பாடுகள் இந்தியச் சட்டமாயின. கெடுதல் வரும் என்று சந்தேகம் இருந்தாலே தடுக்க வேண்டும், கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும். இன்று கங்கைக் கரையில் ஒரு தொழிற்சாலைக்கு நோட்டீஸ் போனாலும் அதற்குப் பின்னால் வேலூர் வழக்கு நிற்கிறது. நம் ஆறு மட்டும் இன்னும் தேறவில்லை என்பது எனக்குத் தீராத ஆற்றாமை.

அதே பாலாற்றங்கரையில், வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், 2019 ஆகஸ்டில் ஒரு தலித் குடும்பம் இறந்தவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கியது. சுடுகாட்டுக்குப் போகும் வழியில் மற்றவர் பட்டா நிலம், வேலி. வழி விடவில்லை. வீடியோவைப் பார்த்து உயர் நீதிமன்றம் தானாக விசாரணைக்கு எடுத்தது. திருப்பத்தூரில் உட்கார்ந்து ரீட் எழுதிய கணக்கில் விட்டுப்போன பெயர்கள் அந்தப் பாலத்தின் மேல் நின்றன. இதைப் பழைய கதை என்று எப்படிச் சொல்வது?

கடைசியாக ஒன்று. இது இன்னும் முடியாத ஏற்பாடு.

1815இல் கண்டி ராஜ்ஜியம் வெள்ளைக்காரர் கைக்குப் போனது. அதன் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனைக் கைதியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்துமண்டபம் அவருடைய நினைவிடம். அவருடைய மலைநாட்டில் அப்புறம் காப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் வந்தன. வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948லேயே அவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களை மூட்டை எண்ணுவது போல எண்ணினார்கள். அந்த மனிதர்களில் ஒருவரும் அந்த மேஜையில் உட்காரவில்லை.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களில் தோட்டத் தமிழர்களும் இருந்தார்கள். வேலூரை ஒட்டிய மேல்மொணவூரில் ஒரு முகாம் இருக்கிறது. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றார்கள், அங்கே புது வீடு கட்டித் தரும் வேலையும் தொடங்கியது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, இங்கேயே தமிழ் மீடியத்தில் படித்து, முப்பது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டின் பெயரைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் தம்பி எழுதும் அதே தேர்வுக்கான புத்தகத்தைப் படிக்க முடியும். விண்ணப்பம் போடப் போனால் குடியுரிமைக் கேள்வி குறுக்கே நிற்கும்.

இதைச் சரி செய்ய இன்னொரு போரோ புரட்சியோ வேண்டியதில்லை, நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். உங்கள் தலைமுறை அதைக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.